தேத்திட்டு வாங்க

இது நடந்த கதை. ஒரு சொல் கூட்டாமல், ஒரு சொல் குறைக்காமல் அப்படியே சொல்லப்போகிறேன். அட, முறைக்காதீர்கள். சரி, கூட்டுவேன். நாலு மாடியை நாற்பது மாடி என்று சொன்னால் நீங்களே முப்பத்தாறைக் கழித்துக்கொள்ளுங்கள். டாக்டர் அறைக்கு வெளியே இந்த பெஞ்சில் உட்கார்ந்து நமக்கு வேறென்ன வேலை? உள்ளே போன ஆள் முக்கால் மணி நேரமாக வெளியே வரவில்லை. குடித்தனமே வைத்துவிட்டார் போல. கேளுங்கள்.

லிஃப்ட்காரர் என்று ஒருத்தர். வயது ஐம்பத்தெட்டு. ஆள் ஒல்லி. குடையை மடக்கிச் சுவரில் சாய்த்துவைத்த மாதிரி இருப்பார். கோபம் மட்டும் ஆறு ஆளுக்கு உண்டானது. ஒருமுறை ஒன்பதாவது மாடியில் கதவிடுக்கில் செருப்பை வைத்து லிஃப்டைப் பிடித்துவைத்தவனை ஒரு திட்டுத் திட்டினார். கீழே வாசலில் நின்ற காவலாளி தன்னைத்தான் சொல்கிறார் என்று நினைத்து அங்கேயே மன்னிப்புக் கேட்டுவிட்டான்.

லிஃப்ட் பழுது பார்ப்பது சொகுசான வேலை என்று நினைத்துவிடாதீர்கள். லிஃப்ட் ஓடும்போது அவரை யார் கூப்பிடுகிறார்கள்? நின்றால்தான் கூப்பிடுவார்கள். மெஷின் ரூமோ மொட்டை மாடிக்கும் மேலே. ஊரே கீழே நின்று கடிகாரத்தைப் பார்க்கும். இவர் ஒருத்தர் மட்டும் பத்து கிலோ பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படியேறுவார். முப்பத்தோரு வருஷம். அவர் ஏறின படியையெல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் நிலாவுக்கே போய்ச் சேர்ந்திருப்பார். அங்கேயும் யாராவது வாசலில் நின்று, "ஏங்க இவ்வளவு லேட்டு?" என்று கேட்டிருப்பார்கள்.

கூத்து என்னவென்றால், அவர் குடியிருந்த கட்டடத்துக்கு லிஃப்ட் கிடையாது. நாலு மாடி. இரண்டாவது மாடியில் இவர் வீடு. அதற்கும் ஒரு கோபம் வைத்திருந்தார்.

அப்படிப்பட்டவருக்குக் குடலில் கட்டி வந்தது. ரத்தம் போனதை இரண்டு மாதம் "காரம் ஒத்துக்கல" என்றே ஓட்டினார். பிறகு குழாய் விட்டுப் பார்த்து, துணுக்கு எடுத்துப் பார்த்து, கேன்சர்தான் என்று சொல்லிவிட்டார்கள். ஒரு பக்கம் மனைவி, ஒரு பக்கம் அக்கா, நடுவில் இவர், டாக்டர் எதிரில். அந்த டாக்டர் வேகமாகப் பேசுகிறவர். மூச்சு விடுகிற இடத்தில்கூட ஒரு வாக்கியத்தைச் சொருகிவிடுவார்.

"கட்டி வெளிய பரவல. வெட்டி எடுத்துடலாம். நாலு வாரம் கழிச்சு ஆபரேஷன். அதுக்குள்ள உடம்ப நல்லா தேத்திட்டு வாங்க. விவரமெல்லாம் இந்தத் தாள்ல இருக்கு. அடுத்தது யாரு?"

அவ்வளவுதான். தேத்திட்டு வாங்க. அந்த ஒரு சொல்லில்தான் ஒரு குடும்பமே தடுக்கி விழுந்தது.

நம் வீடுகளில் தேத்துவது என்றால் என்ன? படுக்க வை, ஊட்டு, போர்த்து, மறுபடியும் ஊட்டு. காய்ச்சலில் கிடந்தவனைத் தேத்துவோம். பிள்ளை பெற்றவளைத் தேத்துவோம். "தேறிட்டான்" என்றால் கன்னம் உப்பிவிட்டது என்று அர்த்தம். எழுந்து ஓடு என்று யாராவது அர்த்தம் எடுப்பார்களா?

அக்காவும் எடுக்கவில்லை. மறுநாள் காலையிலேயே ஒரு பை துணி, இரண்டு குக்கர், ஒரு போர்வையோடு வந்து இறங்கினாள். லிஃப்ட்காரரைவிட ஐந்து வயது மூத்தவள். உலகத்தில் அவர் யாருக்காவது பயப்படுவார் என்றால் அது இந்த அம்மாவுக்குத்தான். இறுகிப்போன பிரேக்கைக்கூட அவர் திட்டித் திறந்துவிடுவார். அக்கா வாயை மூட அவரிடம் சாவி இல்லை.

கட்டிலை ஜன்னலோரம் இழுத்துப் போட்டாள். ஒரு கால் குட்டை, ஆடியது. தேற வேண்டிய ஆள் ஆடலாமா? எதையோ நாலாக மடித்து அடியில் கொடுத்தாள். கட்டில் நின்றது. ஆள் படுத்தார். தேத்துகிற வேலை ஆரம்பமாயிற்று.

காலையில் நாலு முட்டை, பால், பிறகு சூப்பு. மத்தியானம் கறி, பிறகு சூப்பு. நாலு மணிக்கு வேறொரு சூப்பு. அக்கா வைத்த சூப்பையெல்லாம் ஒரே இடத்தில் ஊற்றியிருந்தால் படகு விட்டிருக்கலாம்.

எழுந்தால் போதும், அடுப்படியிலிருந்து குரல் வரும்.

"எங்கடா எழுந்திருக்கிற?"

"தண்ணி குடிக்க."

"தண்ணி உன்கிட்ட வரும். நீ தண்ணிகிட்ட போகாத."

"ஒண்ணுக்கு வருது அக்கா."

"போ. ஓடாம போ. ஏம்மா, கூடப் போய்க் கதவுகிட்ட நில்லு."

கூடப் போய் நிற்பது மனைவி. அந்த அம்மா பேசவே மாட்டாள். முப்பத்திரண்டு வருஷ சம்சாரத்தில் அவள் சத்தம் போட்டு யாரும் கேட்டதில்லை. குக்கர் விசில்கூட அவள் அடுப்பில் அடக்கமாகத்தான் வரும்.

வேலையிடத்திலிருந்து போன் வந்தது. பதினோராவது மாடிக்கும் பத்துக்கும் நடுவில் லிஃப்ட் தொங்குகிறதாம், என்ன செய்ய என்று கேட்டார்கள். இவர் படுத்தபடியே, "முதல்ல மெயின ஆஃப் பண்ணுடா மடையா" என்று ஆரம்பித்தார். அக்கா போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

"அவரு தேறிட்டு இருக்காரு. அந்த லிஃப்ட இறங்கி நடந்து வரச் சொல்லுங்க."

உள்ளதைச் சொல்ல வேண்டும். முதல் மூன்று நாள் அவருக்கும் சுகமாகத்தான் இருந்தது. முப்பத்தோரு வருஷத்தில் யார் அவருக்குத் தலையணை தட்டிப் போட்டார்கள்? நாலாம் நாள் முதுகு வலித்தது. ஆறாம் நாள் கோபம் வந்தது. பத்தாம் நாள் கோபப்படவும் சோம்பலாக இருந்தது. பார்க்க வந்தவர்கள் எல்லாரும் ஒரே குரலில் சொன்னார்கள்: "அட, நல்லா தேறிட்டீங்களே!" மூன்று கிலோ ஏறியிருந்தது. குடைக்குள் யாரோ தலையணையைத் திணித்த மாதிரி இருந்தார்.

இரண்டு வாரம் கழித்துப் பரிசோதனைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். பயிற்சிக்காரம்மாவைப் பார்க்கச் சொன்னார்கள். ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும் உடம்பைப் பழக்குகிற வேலை அவளுக்கு. முப்பது வயது இருக்கும். குரல் பஞ்சு மாதிரி. மனசு இரும்புக் கம்பி.

"பயிற்சியெல்லாம் எப்படிப் போகுது அய்யா?"

"என்ன பயிற்சி?"

அவள் அவரை மாடிப்படிக்குக் கூட்டிப்போனாள். "நாலு மாடி. உங்க வேகத்துல ஏறுங்க. நிக்காம ஏறினா போதும்."

லிஃப்ட்காரருக்குச் சிரிப்பு வந்தது. நாலு மாடியா! மீனைக் கூப்பிட்டு நீந்தத் தெரியுமா என்று கேட்கிறாளே! கை வீசிக்கொண்டு ஏறினார். முதல் மாடி வந்தது. முகத்தில் இன்னும் சிரிப்பு இருந்தது. ஒன்றரையில் சிரிப்பு நின்றது. இரண்டாவது மாடித் திருப்பத்தில் ஆளே நின்றார்.

பக்கத்தில் லிஃப்ட் போகிற சத்தம் கேட்டது. அவர் காதைச் சுவரில் வைத்தார்.

"இந்த லிஃப்டுல... பிரேக் லைனிங்... தேஞ்சிருக்கு. அதக் கேக்கத்தான்... நின்னேன்."

"சரிங்க அய்யா. காது கேக்கட்டும். கை ஏன் கம்பிய விடமாட்டேங்குது?"

கை விடவில்லை. தொடை நடுங்கியது. மார்புக்குள் யாரோ துணி துவைத்தார்கள். முப்பத்தோரு வருஷமாக எந்தப் படி அவரைச் சுமந்ததோ அதே படி இன்று அவர்மேல் ஏறி உட்கார்ந்திருந்தது. அவர் அப்படியே படியில் உட்கார்ந்தார். பின்னால் வந்த அக்கா, "பாத்தியா, பாத்தியா, நான்தான் சொன்னேனே, ஏற விடாதீங்கன்னு!" என்று ஓடிவந்தாள்.

அறைக்குக் கூட்டிவந்து பயிற்சிக்காரம்மா ஒரு பிளாஸ்டிக் சாமானைக் கையில் கொடுத்தாள். மூன்று குழாய், குழாய்க்கு ஒரு பந்து. வாயில் வைத்து மூச்சை உள்ளே இழுத்தால் பந்து மேலே போக வேண்டும். இழுத்தார். ஒரு பந்து பாதி எழும்பி, யோசித்துப் பார்த்து, கீழே உட்கார்ந்தது. மற்ற இரண்டும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"லட்சம் பேர மேல ஏத்தினவன் நான். ஒரு பந்த ஏத்த முடியல" என்றார். பாதி முனகல், பாதி உறுமல்.

"தாள்ல எல்லாம் எழுதியிருக்குமே அய்யா? தினம் நடக்கணும், படி ஏறணும், கை ஊனாம நாற்காலியிலிருந்து எழுந்து எழுந்து உக்காரணும், இந்த மூச்சுப் பயிற்சி. சாப்பாடு கூட. நாலு வாரம் உடம்பைப் பழக்கிட்டு வந்தாத்தான் மயக்க மருந்தையும் ஆபரேஷனையும் தாங்கும். டாக்டர் சொல்லலையா?"

"தேத்தத்தான் சொன்னாரு!" என்றாள் அக்கா.

"அதைத்தான் நானும் சொல்றேன்."

"ரெண்டு வாரமா ராப்பகலா தேத்தியிருக்கேன்! படுத்த இடத்த விட்டு நகர விடலையே நான்!"

பயிற்சிக்காரம்மா பேனாவை மேசையில் வைத்தாள். "ரெண்டு வாரம் படுக்கையிலயா?"

"பின்ன?"

"அந்தத் தாள் எங்க?"

கட்டில் காலுக்கு அடியில் இருந்தது அந்தத் தாள். எழுந்து நட என்று எழுதிய தாளை மடித்துக் கட்டிலுக்கு முட்டுக் கொடுத்து, அதன்மேல் ஆளைப் படுக்கவைத்திருந்தார்கள்.

டாக்டர் வந்து பார்த்தார். இந்தத் தடவை மெதுவாகப் பேசினார். அதுதான் பயமாக இருந்தது. "இன்னும் ரெண்டு வாரம் இருக்கு. இந்த மூச்சோட வந்தீங்கன்னா மயக்க மருந்து டாக்டர் ஒத்துக்க மாட்டாரு. தேதி தள்ளும். நாம தள்ளிப் போடலாம். கட்டி தள்ளிப் போடாது."

லிஃப்ட்காரர் வெளியே வந்தார். தாழ்வாரத்தில் வெடித்தார். டாக்டரில் ஆரம்பித்தார். "நடன்னா நடன்னு சொல்ல வேண்டியதுதானேய்யா! அது என்ன தேத்து? எந்த நாயாவது தேத்துன்னா படி ஏறுன்னு புரிஞ்சுக்குமா?" பிறகு சூப்பைத் திட்டினார். முட்டையை, அதைப் போட்ட கோழியை, கோழியின் வம்சத்தைத் திட்டினார். அங்கே நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. அக்கா பக்கம் திரும்பினார்.

"மாமாவத் தேத்தின மாதிரி என்னையும் தேத்திப்புடாத!"

தாழ்வாரத்தில் இருந்தவர்களுக்கு அது சாதாரண வசவு. அந்த மூன்று பேருக்குத் தெரியும். அக்கா புருஷன் எட்டு வருஷத்துக்கு முன்னால் ஆறு மாதம் படுத்த படுக்கையாகக் கிடந்தார். அக்கா அவரை நகர விடாமல், நோக விடாமல், வாயில் ஊட்டியே வைத்திருந்தாள். அவர் எழுந்திருக்கவே இல்லை. அதை அவளிடம் யாரும் ஒரு நாளும் சொல்லிக்காட்டியதில்லை. இவர்தான் முதல் ஆள்.

அக்கா பையை எடுத்துக்கொண்டு நடந்தாள். ஊருக்குப் போய்விடுவாள் என்று நினைத்தார்கள். போகவில்லை. வீட்டுக்கு வந்தாள், கட்டிலைத் தூக்கினாள், தாளை உருவினாள், மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படித்தாள். தம்பியிடம் பேசுவதை மட்டும் நிறுத்திக்கொண்டாள்.

அதற்குப் பிறகு நடந்த பதினாலு நாளை அந்தக் கட்டடம் மறக்காது. காலையில் ஆறு தடவை, சாயங்காலம் ஆறு தடவை, கீழிருந்து மேலே, மேலிருந்து கீழே. முன்னால் லிஃப்ட்காரர், கோபத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு. இரண்டு படி பின்னால் அக்கா, அதைவிடக் கோபத்தில், தலையில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைக் கவிழ்த்துக்கொண்டு. அவர் விழுந்தால் உட்கார வைக்க. நடுவில் மனைவி.

"அவன்கிட்ட சொல்லும்மா, ஸ்டூல் இருக்கு, முடியலன்னா உக்காரச் சொல்லு."

"ஏங்க, அண்ணி ஸ்டூல்..."

"அவகிட்ட சொல்லு, நான் செத்தாலும் அந்த ஸ்டூல்ல உக்கார மாட்டேன்னு."

"அண்ணி, அவரு..."

"கேட்டுச்சு. செத்தா உக்கார முடியாதுன்னு சொல்லு."

மூன்று பேரும் ஒரே திருப்பத்தில், ஒருவர் மூச்சு ஒருவர் மேல் படுகிற தூரத்தில் நின்றுகொண்டுதான் இந்தத் தூது. பக்கத்து வீட்டுக் கதவெல்லாம் ஒரு விரற்கடை திறந்திருக்கும். எல்லாருக்கும் ஆளுக்கொரு யோசனை இருந்தது. மூன்றாம் மாடிக்காரர் ஒருநாள், "இந்த நேரத்துல ரெஸ்ட்டு தானே சார் முக்கியம்?" என்று கேட்டுவிட்டார். பேச்சுவார்த்தையையே விட்டுவிட்டவர்கள்கூட அந்த விஷயத்தில் ஒன்றாகிவிடுவார்கள் போல, அக்காவும் தம்பியும் ஒரே நேரத்தில் திரும்பி, ஒரே குரலில், "உங்க வேலையப் பாருங்க!" என்று கத்தினார்கள். கத்திவிட்டு, சேர்ந்து கத்தியதற்காக இருவரும் தனித்தனியாகக் கோபித்துக்கொண்டார்கள்.

சாப்பாட்டிலும் சண்டைதான். தாளில் முட்டை, பால், பருப்பு, கறி எல்லாம் நன்றாகச் சாப்பிட வேண்டும் என்று எழுதியிருந்தது. அக்காவுக்கு அந்த ஒரு வரி கோட்டைச் சுவர் மாதிரி. "முட்டைன்னு போட்டிருக்கா இல்லையா, கேட்டுச் சொல்லும்மா அவன்கிட்ட!" தாளின் முதல் வரியும் இருந்தது. சிகரெட்டை அன்றைக்கே நிறுத்த வேண்டும் என்று. அக்கா போய் அவருடைய ஸ்பானர் பையைக் கவிழ்த்தாள். பழந்துணிக்குள் இரண்டு பாக்கெட். தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போட்டாள். கோபம் வர வேண்டிய இடத்தில் அவருக்குக் கோபம் வராதது அந்த ஒரு தடவைதான். மனைவி அதைக் கவனித்தாள்.

ஐந்தாம் நாள் ஒரு பந்து முழுசாக ஏறி நின்றது. எட்டாம் நாள் இரண்டு. பதினோராம் நாள் நாலு மாடியை ஒரே மூச்சில் ஏறி, மொட்டை மாடியில் நின்று, யாரைத் திட்டுவது என்று தெரியாமல் தண்ணீர்த் தொட்டியைத் திட்டினார். திரும்பினால், அக்கா அவருக்கு முன்னாலேயே வந்து ஸ்டூலைப் போட்டு அதில் உட்கார்ந்திருந்தாள். அறுபத்து மூன்று வயதுக்காரி. மூச்சு வாங்கவில்லை.

தேதிக்கு இரண்டு நாள் முன்னால் பயிற்சிக்காரம்மா மறுபடி படியேற்றினாள். நிற்காமல் ஏறினார். மூன்றாவது மாடியில் தேவையே இல்லாமல், "பிரேக் லைனிங் இன்னும் மாத்தலையா நீங்க?" என்று கேட்டார். பேச மூச்சு இருக்கிறது என்று காட்டத்தான். "ஆபரேஷனுக்கு வாங்க" என்றாள் அவள்.

வெட்டினார்கள். நாலரை மணி நேரம். குடலில் ஒரு சாண் எடுத்தார்கள். நான் ஒரு முழம் என்று சொல்லத்தான் நினைத்தேன். இந்த இடத்தில் வேண்டாம்.

மறுநாள் காலை பத்து மணிக்கு பயிற்சிக்காரம்மா வார்டுக்குள் வந்தாள். "எழுந்து நிக்கலாமா அய்யா? அந்தக் கதவு வரைக்கும் போய்ட்டு வரலாம்."

லிஃப்ட்காரர் அவளைப் பார்த்த பார்வையில் சலைன் பாட்டில் ஆவியாகியிருக்க வேண்டும். வயிற்றுக்குக் குறுக்கே தையல். மூக்கில் குழாய், கையில் குழாய், கீழே ஒரு குழாய். இருமினால் உயிர் போய்ப் பாதி வழியில் திரும்பி வந்தது.

"மாட்டேன்."

"படுத்தே இருந்தா நெஞ்சுல சளி கட்டும். கால்ல ரத்தம் உறையும். குடலும் தூங்கிடும் அய்யா."

"தூங்கட்டும். நானும் தூங்கறேன்."

"வலிக்கு மருந்து போட்டிருக்கு. பத்து அடிதான்."

"முடியாதுன்னா முடியாதும்மா!" என்று கத்தினார். கத்தியதில் வலித்தது, வலித்ததில் இன்னும் கோபம் வந்தது. அந்தக் கோபத்தைப் போடுவதற்கு ஒரு இடம் தேடினார். கட்டில் கால்மாட்டில் அக்கா நின்றாள். "எல்லாம் இவளால வந்தது! ரெண்டு வாரம் என்னப் பொணம் மாதிரி படுக்க வச்சா. அந்த ரெண்டு வாரம் இருந்திருந்தா இன்னிக்கு இந்த உடம்பு எழுந்து நடந்திருக்கும். தாள்ல எழுதியிருந்தத மறைச்சு வச்சுக் கெடுத்தவ இவதான்!"

அக்கா இந்தத் தடவை தூது அனுப்பவில்லை. கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தாள். அவளுக்கே அது அப்படித்தான் என்று தோன்றியிருந்தது. எட்டு வருஷமாகத் தோன்றிக்கொண்டிருந்தது.

அப்போது வார்டில் ஒரு சத்தம் கேட்டது. நாலாவது கட்டில்காரர் ரேடியோ என்று நினைத்தார். நர்சு ஏதோ மெஷின் என்று நினைத்தாள்.

"போதும் நிறுத்துங்க!"

மனைவி.

"தாள யாரு கட்டிலுக்கு அடியில குடுத்தது? சொல்லுங்க! அண்ணி கைக்கு அது எப்படிப் போச்சு? நீங்கதானே சட்டைப் பையிலேருந்து எடுத்து, 'இந்தா, இத வச்சு முட்டுக் குடு'ன்னு நீட்டினீங்க? பஸ்ஸுல வரும்போதே அதப் பிரிச்சீங்க. நானும் பக்கத்துலதான் உக்காந்திருந்தேன். சிகரெட்ட இன்னியோட நிறுத்துன்னு மேல எழுதியிருந்தது. அந்த வரியோட மடிச்சுட்டீங்க. அதுக்குக் கீழ என்ன இருக்குன்னு படிக்கல. படிக்கப் புடிக்கல!"

லிஃப்ட்காரர் வாயைத் திறந்தார்.

"பேசாதீங்க! அவங்க ரெண்டு வாரம் அடுப்புல வெந்தாங்க. ரெண்டு வாரம் ஸ்டூலத் தலையில வச்சுக்கிட்டு உங்க பின்னாடி ஏறினாங்க. எட்டு வருஷமா யாரும் சொல்லாத சொல்ல அவங்களச் சொன்னீங்க. நாத்தனார் முன்னால புருஷன விட்டுக்குடுக்கக் கூடாதுன்னு நான் வாய மூடிட்டு இருந்தேன். இருந்தேன் பாருங்க, எனக்கு என்னையே செருப்பால அடிச்சுக்கலாம் போல இருக்கு! அந்தத் தேதி தள்ளிப் போயிருந்தா? கட்டி பெருசாயிருந்தா? யாரு செத்திருப்பா, அண்ணியா? எனக்குல்ல புருஷன் போயிருப்பான்! எழுந்திருங்க! வலிச்சா வலிக்கட்டும். எழுந்திருங்கன்னு சொல்றேன்!"

வார்டே எழுந்துவிட்டது. சத்தியமாக. போன வாரம் இடுப்பில் வெட்டுப்பட்ட ஆறாவது கட்டில்காரர்கூடப் பயந்துபோய்க் காலைக் கீழே தொங்கப்போட்டுவிட்டார். சரி, அவர் தண்ணீர் குடிக்க எழுந்திருக்கலாம்.

லிஃப்ட்காரர் கூரையைப் பார்த்தார். அங்கே திட்டுவதற்கு ஒன்றும் இல்லை. ஒரு பக்கமாக ஒருக்களித்தார். பயிற்சிக்காரம்மா சொன்னபடி தலையணையை வயிற்றோடு அழுத்திக்கொண்டு, முழங்கையை ஊன்றி, காலைக் கீழே விட்டார். நின்றார். கண்ணில் தண்ணீர் கொட்டியது. வலியில் வந்தது என்று அவர் இன்றைக்கும் சொல்லுவார். ஒரு அடி வைத்தார். இரண்டாவது அடிக்குச் சக்கரம் வைத்த சலைன் கம்பி இழுத்தது.

"அக்கா" என்றார். பதினாறு நாளைக்குப் பிறகு முதல் சொல். "கம்பியத் தள்ளு."

அக்கா மூக்கை உறிஞ்சினாள். மனைவியைப் பார்த்தாள்.

"அவன்கிட்ட சொல்லும்மா, தள்ளிட்டுத்தான் இருக்கேன்னு."

கதவு வரைக்கும் போனார்கள். பத்து அடிக்குப் பதினைந்து நிமிஷம். கதவைத் தொட்டுவிட்டு, திரும்புகிற வழியில் அவர் மெதுவாக ஏதோ சொன்னார். அக்கா மட்டும் கேட்டாள். என்னவென்று அவளிடம் கேட்டுப் பார்த்தேன். "அது எங்க ரெண்டு பேருக்குள்ள" என்று சொல்லிவிட்டு, அன்றைக்குத் தம்பியைத் தாறுமாறாகத் திட்டினாள். அதனால் மன்னிப்பாகத்தான் இருக்கும்.

மூன்றாம் நாள் தாழ்வாரம் முழுக்க நடந்தார். நாலாம் நாள் காற்றுப் பிரிந்தது; குடல் விழித்துக்கொண்டது என்று டாக்டரே கைதட்டினார். ஏழாம் நாள் வீடு. இரண்டு மாடியைத் தானே ஏறிப் போனார், திருப்பத்துக்குத் திருப்பம் நின்று. கனம் தூக்கக் கூடாது என்று சொல்லியிருந்ததால் பையைத் தொடவில்லை. மூன்று மாதம் எல்லார் வேலையையும் போனிலேயே திட்டிச் செய்தார். வெட்டி எடுத்த துண்டின் ஓரத்தில் கட்டி எதுவும் மிச்சமில்லை என்று ரிப்போர்ட் வந்தது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து காட்டிவிட்டுப் போகிறார். போனவாரம்கூட இதே பெஞ்சில்தான் உட்கார்ந்து, கூப்பிட நேரமாகிறது என்று கத்திக்கொண்டிருந்தார். மனைவி ஒரு பார்வை பார்த்தாள். அடங்கிவிட்டார்.

கதை முடிந்தது. "இதுல யாரு மேல தப்புன்னு நீங்களே சொல்லுங்க" என்று பெஞ்சில் இருந்தவர்களைக் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"என்ன கேள்வி இது? பொண்டாட்டி மேலதான் தப்பு" என்றார் ஸ்கேன் கவரை விசிறியாக வைத்திருந்த மனிதர். "பஸ்ஸுலயே பாத்தாளாமே! அன்னிக்கே வாயத் தொறந்திருந்தா ரெண்டு வாரம் வீணாப் போயிருக்குமா?"

"ஆமா, தொறந்திருந்தா மட்டும் கேட்டிருப்பாரு அந்த மனுஷன்!" என்றாள் அவருக்கு எதிரே சாப்பாட்டுப் பையை மடியில் வைத்திருந்த பெண். "அந்த டாக்டரச் சொல்லுங்க. ஒரு நிமிஷம் நிறுத்திப் பேசினா வாயில முத்தா உதிர்ந்துடும்?"

"டாக்டரு தாள் குடுத்தாருல்ல? எழுத்துத் தெரிஞ்சவன் படிக்கணும்!" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

"மாமாவக் கொன்னவன்னு சொல்லிட்டானேய்யா அக்காவ! நானா இருந்தா ஸ்டூல அவன் தலையிலயே போட்டிருப்பேன்" என்று ஓரத்தில் ஒரு பெரியம்மா எழுந்தே நின்றுவிட்டாள்.

"அக்காவும்தான் காரணம். ஊட்டுறது, ஊட்டுறது! எங்க வீட்டுலயும் ஒருத்தி இருக்கா" என்று ஸ்கேன் கவர்க்காரர் சொல்லிவிட்டு, சொன்ன பிறகுதான் பக்கத்தில் தன் மனைவி உட்கார்ந்திருப்பதை நினைத்துக்கொண்டார்.

"யாரு? என்னையா சொல்றீங்க?" என்றாள் அவள்.

"பொதுவாச் சொன்னேன்."

"பொதுவா என்ன பொதுவா? போன செவ்வாக்கிழம உங்களுக்கும்தான் ஆபரேஷனுக்குன்னு ஒரு தாள் குடுத்தாங்க. எங்க அது?"

"வீட்டுல இருக்கு."

"வீட்டுல எங்க?"

"இருக்கும்மா... எதுக்கு இப்ப எல்லாரு முன்னாடியும்..."

"எல்லாரு முன்னாடியும்தான் கேக்கறேன்! எழுந்திருங்க. முதல்ல அந்தச் சட்டைப் பையக் காட்டுங்க!"

"ஏம்மா, அவரப் பாடுபடுத்தாத, ஆபரேஷன் ஆகப்போற ஆளு, உக்காரட்டும்!" என்றாள் சாப்பாட்டுப் பைக்காரி.

"உக்காரச் சொல்ல நீங்க யாருங்க?"

"யாரா? மனுஷி! தெரியாமக் கேக்கறேன், நீங்க யாரு எழுந்திருக்கச் சொல்ல?"

"நான் அவரு பொண்டாட்டி!"

"நான் நிக்கறதா உக்கார்றதா, அத முதல்ல சொல்லுங்கடி!" என்று கத்தினார் அந்த மனிதர், பாதி எழுந்த நிலையில்.